0/1 அணியில் 1 இருக்கும் நிரை, நிரல் முழுவதையும் 1 ஆக்கும் கணக்கு: ஒரு மூலையில் மட்டும் 0 மிஞ்சுது, ஏன்?

புதுமுகம்_07

எல்லாருக்கும் வணக்கம். காலேஜ்ல ரெண்டாவது வருஷம், பைத்தான் இப்பதான் கத்துக்கிட்டு இருக்கேன். லேப்ல குடுத்த ஒரு கணக்குல மாட்டிக்கிட்டேன்.

0, 1 மட்டுமே உள்ள ஒரு அணி தருவாங்க. எந்தக் கட்டத்துல 1 இருக்கோ, அது இருக்கிற நிரை முழுசும் 1 ஆகணும், நிரல் முழுசும் 1 ஆகணும். மத்த கட்டமெல்லாம் 0-வாவே இருக்கணும். (பத்தாவது கணக்குல வர்ற அதே நிரை, நிரல்தான். குறுக்கே போறது நிரை, நெடுக்கே போறது நிரல்.)

நான் குடுத்த இன்புட்:

```
0 0 0 0
0 1 0 0
0 0 0 0
```

வரவேண்டியது:

```
0 1 0 0
1 1 1 1
0 1 0 0
```

எனக்கு வர்றது:

```
0 1 1 1
1 1 1 1
1 1 1 1
```

லாஜிக் ரொம்ப சிம்பிள்தான். மேல இருந்து கீழ, இடது இருந்து வலது ஒவ்வொரு கட்டமா போறேன். 1 பார்த்தா உடனே அந்த நிரையை முழுசா 1 ஆக்குறேன், நிரலையும் முழுசா 1 ஆக்குறேன். அடுத்த கட்டத்துக்குப் போறேன்.

எல்லாமே 1 ஆகியிருந்தாக்கூட ஏதோ லூப் தப்புன்னு விட்டுடுவேன். மேல் இடது மூலை மட்டும் எப்படி 0-வாவே நிக்குது? அதுதான் மண்டையைக் குடையுது.

---

அரைத்தூக்கம்

அந்த 0-க்கு குருபலன் நல்லா இருக்கு.

---

மலர்க்கணிதம்

கேள்வியில் இன்புட், வரவேண்டியது, வந்தது என மூன்றையும் போட்டதற்கு முதலில் நன்றி. "கோட் ஓடல, ஹெல்ப் பண்ணுங்க" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு நடுவில் இது பெரிய விஷயம்.

பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கோட் செய்வதைக் கையால் செய்வோம்.

முதல் நிரை முழுக்க 0. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நிரையில் முதல் கட்டம் 0. இரண்டாம் கட்டம் 1. உடனே இரண்டாம் நிரை 1 1 1 1 ஆகிறது, இரண்டாம் நிரலும் 1 ஆகிறது. இதுவரை எல்லாம் சரி. இந்த நொடியில் நிறுத்தியிருந்தால் சரியான விடை கையில் இருந்திருக்கும்.

ஆனால் லூப் நிற்கவில்லை. மூன்றாம் கட்டத்துக்குப் போகிறது. அங்கே கேள்வித்தாளில் இருந்தது 0. இப்போது இருப்பது 1, அது நீங்கள் எழுதிய 1. கோடுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மூன்றாம் நிரலையும் 1 ஆக்குகிறது. நான்காம் கட்டத்திலும் இதே கதை. மூன்றாம் நிரைக்கு வரும்போது அது 0 1 1 1 ஆகிவிட்டது. அதன் முதல் கட்டம் 0, தாண்டியாயிற்று. இரண்டாம் கட்டம் 1, ஆகவே மூன்றாம் நிரை முழுதும் 1.

இப்போது அந்த மூலை. முதல் நிரலை 1 ஆக்க வேண்டுமென்றால் அந்த நிரலில் நிற்கும்போது 1-ஐப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாம் நிரையின் முதல் கட்டத்தைப் பார்த்தபோது அது இன்னும் 0. மூன்றாம் நிரையின் முதல் கட்டத்தைப் பார்த்தபோதும் 0. இரண்டும் 1 ஆனது லூப் அவற்றைத் தாண்டிப் போன பிறகு. முதல் நிரைக்கும் இதே நிலைமைதான். அதனால் மூலை தப்பியது.

நம்பிக்கை வரவில்லையா? லூப்பைத் தலைகீழாக, கீழ் வலது மூலையிலிருந்து ஓட்டிப் பாருங்கள். என்ன வரும் என்று முதலில் பேப்பரில் எழுதிவிட்டு ஓட்டுங்கள்.

---

புதுமுகம்_07

மேடம் ஓட்டிட்டேன். பேப்பர்லயும் அதேதான் வந்துச்சு!

```
1 1 1 1
1 1 1 1
1 1 0 0
```

இப்ப கீழ் வலது பக்கம் ரெண்டு 0 மிஞ்சுது. ஒரே இன்புட், நடக்கிற திசையை மாத்தினா விடை மாறுது.

---

மலர்க்கணிதம்

அதேதான். விடை எந்தத் திசையில் நடக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறினால், படிப்பதும் எழுதுவதும் ஒன்றோடொன்று கலந்துவிட்டது என்று பொருள். கணக்கில் திசை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே.

---

கோட்காரன்

காப்பி எடு. பழசைப் படி, காப்பியில் எழுது. முடிஞ்சுது.

---

புதுமுகம்_07

> காப்பி எடு. பழசைப் படி, காப்பியில் எழுது.

அண்ணா அதுவும் செஞ்சு பார்த்துட்டேன். இப்படி:

```
நகல் = அணி
ஒவ்வொரு கட்டத்துக்கும்:
    அணி[இ][ஜ] == 1 என்றால்
        நகல்-இல் இ-வது நிரை, ஜ-வது நிரல் எல்லாம் 1
```

அதே அவுட்புட். அந்த மூலை 0 கூட அப்படியே இருக்கு.

---

சுட்டெண்_0

முதல் வரியில் மாட்டிக்கொண்டீர்கள். பைத்தானில் `நகல் = அணி` என்று எழுதினால் காப்பி எடுக்கப்படாது. மெமரியில் இருப்பது ஒரே லிஸ்ட், அதற்கு இப்போது இரண்டு பெயர், அவ்வளவுதான். வீட்டில் கூப்பிடும் பெயரில் திட்டினாலும் சர்டிபிகேட் பெயரில் திட்டினாலும் திட்டு வாங்குவது ஒரே ஆள்தானே.

சரி, `நகல் = அணி[:]` என்று போட்டால்? இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். வெளி லிஸ்ட் புதிது. ஆனால் அதற்குள்ளே இருக்கும் நிரைகள் ஒவ்வொன்றும் தனி லிஸ்ட் அல்லவா? அவை பழையவைதான், காப்பி ஆகவில்லை. `நகல்[1][2] = 1` என்றால் `அணி[1][2]`-உம் மாறும்.

வேண்டியது, ஒவ்வொரு நிரையையும் தனித்தனியாக `நிரை[:]` என்று எடுத்துப் புது லிஸ்டில் கோப்பது. அல்லது பைத்தானோடு வரும் காப்பி மாட்யூலில் டீப்காப்பி என்று ஃபங்ஷன் இருக்கிறது, அது உள்ளே வரை போய் நகலெடுக்கும்.

இதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான், அவனையும் இப்போதே பார்த்துவிடுங்கள். எல்லாம் 0 உள்ள 3×4 அணி வேண்டுமென்று `[[0] * 4] * 3` எழுதுவார்கள். பிரிண்ட் செய்தால் அழகாக இருக்கும். ஒரு கட்டத்தில் 1 எழுதுங்கள், மூன்று நிரையிலும் அதே இடத்தில் 1 வரும். ஒரே நிரை லிஸ்டை மூன்று முறை அடுக்கியிருக்கிறது. உள் பெருக்கல் பிரச்சினை இல்லை, 0 என்ற எண்ணை மாற்ற முடியாது. வெளிப் பெருக்கல்தான் வம்பு.

சி++ல் வெக்டரை இன்னொரு வெக்டருக்கு அசைன் செய்தால் உள்ளே வரை உண்மையான காப்பி ஆகும். அங்கிருந்து பைத்தானுக்கு வந்தவர்கள் இதில் கூடுதலாகக் குழம்புவார்கள்.

---

புதுமுகம்_07

வந்துடுச்சு!! நிரை நிரையா காப்பி எடுத்தேன், சரியா வருது. ரொம்ப நன்றி அண்ணா.

ஆனா லேப் சைட்ல சப்மிட் பண்ணினா முதல் சில டெஸ்ட் பாஸ், கடைசி ரெண்டுல "டைம் லிமிட்" வருது. அதுல 1000×1000 அணின்னு போட்டிருக்கு.

---

கோட்காரன்

1000×1000, எல்லாம் 1 என்று வை. ஒவ்வொரு 1-க்கும் நிரையில் 1000 முறை எழுத வேண்டும், நிரலில் 1000 முறை எழுத வேண்டும். 10 லட்சம் கட்டம். மொத்தம் 200 கோடி முறை எழுத வேண்டும். பைத்தான் பாவம்.

---

மலர்க்கணிதம்

கோட்காரன் சொன்ன கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். பிறகு இதை யோசியுங்கள்: முதல் நிரையில் 700 கட்டங்களில் 1 இருக்கிறது. அந்த நிரையை எத்தனை முறை 1 ஆக்க வேண்டும்? ஒருமுறை போதும். உங்கள் கோட் 700 முறை ஆக்குகிறது. இந்த நிரையில் 1 உண்டா, இல்லையா என்ற ஒரே தகவல்தான் நமக்குத் தேவை. எத்தனை, எங்கே என்பதெல்லாம் வேண்டாம். நிரலுக்கும் அப்படியே.

ஆகவே அணியை முழுசாகக் காப்பி எடுப்பதே வீண். 1 உண்டா, இல்லையா என்று குறிக்க ஒவ்வொரு நிரைக்கும் ஒரு கொடி, ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு கொடி:

```
நிரைக்கொடி = நிரைகள் எண்ணிக்கைக்கு 0
நிரல்கொடி = நிரல்கள் எண்ணிக்கைக்கு 0

ஒவ்வொரு இ, ஜ:
    அணி[இ][ஜ] == 1 என்றால்
        நிரைக்கொடி[இ] = 1
        நிரல்கொடி[ஜ] = 1

ஒவ்வொரு இ, ஜ:
    நிரைக்கொடி[இ] அல்லது நிரல்கொடி[ஜ] 1 என்றால்
        அணி[இ][ஜ] = 1
```

முதல் சுற்றில் அணியைப் படிக்க மட்டும் செய்கிறோம். இரண்டாம் சுற்றில் எழுத மட்டும் செய்கிறோம், அணியைப் படிப்பதே இல்லை, கொடிகளைத்தான் படிக்கிறோம். எந்தத் திசையில் வேண்டுமானாலும் லூப்பை ஓட்டுங்கள், விடை மாறாது. 1000×1000-க்கு இரண்டு சுற்றும் சேர்த்து 20 லட்சம் கட்டம். கூடுதல் இடம் 2000 கொடி. முழுக் காப்பி என்றால் 10 லட்சம்.

---

புதுமுகம்_07

பாஸ்!! எல்லா டெஸ்டும் பாஸ்.

இதுல வேரியபிளுக்கு உண்மையாவே தமிழ்ல பேர் வைக்கலாமா? சும்மா கேட்டேன்.

---

சுட்டெண்_0

பைத்தான் 3ல் வைக்கலாம். `நிரைக்கொடி` என்று அப்படியே எழுதினால் ஓடும். கீவேர்டுகள் மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கும். முழுக்கத் தமிழிலேயே எழுத வேண்டுமென்றால் எழில் என்று ஒரு மொழியே இருக்கிறது, தேடிப் பாருங்கள். ஆனால் லேப்பில் வேரியபிளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்து, கீபோர்டை மாற்றி மாற்றி அடித்து நேரம் போனால் நான் பொறுப்பில்லை.

---

அரைத்தூக்கம்

எதுக்கு ரெண்டு லிஸ்ட்? 0-வை 1 ஆக்கவேண்டிய இடத்துல 2 எழுதுங்க. 2ன்னா "முன்னாடி 0, பின்னாடி 1 ஆகப்போறது"ன்னு அர்த்தம். லூப்ல 1-ஐ மட்டும்தான் மதிக்கணும், 2-ஐ மதிக்கக் கூடாது. கடைசியில 2 எல்லாத்தையும் 1 ஆக்கிடுங்க. காப்பியே வேண்டாம். தூக்கத்துலயும் வேலை செய்வேன் நான்.

---

சுட்டெண்_0

தூக்கத்தில் சொன்னாலும் சரியான யோசனைதான். அணியிலேயே பழைய மதிப்பையும் புது மதிப்பையும் சேர்த்து வைக்கிறீர்கள். கணித அறிஞர் கான்வே 1970ல் கொண்டுவந்த, கட்டங்கள் தலைமுறை தலைமுறையாக மாறும் லைஃப் விளையாட்டை ஒரே அணியில் எழுதுபவர்கள் செய்வதும் இதுதான். அங்கேயும் அடுத்த தலைமுறையைப் பழைய தலைமுறையை வைத்தே முடிவு செய்ய வேண்டும். அதனால் கடைசி பிட்டில் பழசு, அதற்கு முந்தைய பிட்டில் புதுசு என்று வைத்துவிட்டு முடிவில் நகர்த்துவார்கள்.

இரண்டு குறை. நேரம் குறையவில்லை, ஒவ்வொரு 1-க்கும் நிரை, நிரல் முழுக்க ஓடுகிறோம், அதே 200 கோடி. இன்னொன்று, 2 என்ற மதிப்பு சும்மா கிடப்பதால்தான் இது நடக்கிறது. லீட்கோட் என்ற கோடிங் பயிற்சித் தளத்தில் 73வது கணக்கு இதன் உறவுக்காரன். 0 இருக்கும் நிரை, நிரலை 0 ஆக்கச் சொல்வார்கள், கட்டத்தில் 32 பிட் முழு எண் எதுவும் வரலாம். அங்கே அடையாளத்துக்கென்று மிச்சமிருக்கும் எண் ஒன்றுமே இல்லை.

---

இன்டர்வியூ_பட்டவன்

லீட்கோட் 73 என்று சொன்னதால் உள்ளே வந்தேன். இன்டர்வியூவில் கொடிகள் வைத்து எழுதிக் காட்டினால் அடுத்த கேள்வி ரெடியாக இருக்கும்: "கூடுதல் இடமே இல்லாமல் செய்ய முடியுமா?" ஓ(1) வழி இது, அதாவது அணி எவ்வளவு பெரிதானாலும் கூடுதல் இடம் வளராது. கொடி வைக்கத் தனி லிஸ்ட் வேண்டாம், அணியின் முதல் நிரையையும் முதல் நிரலையுமே கொடியாக்கிவிடு.

```
1. முதல் நிரையில் 1 உண்டா? மு_நிரை-இல் குறித்து வை
   முதல் நிரலில் 1 உண்டா? மு_நிரல்-இல் குறித்து வை
2. மற்ற கட்டங்களில் 1 பார்த்தால்
       அணி[இ][0] = 1
       அணி[0][ஜ] = 1
3. மற்ற கட்டங்களில், அணி[இ][0] அல்லது அணி[0][ஜ] 1 என்றால் 1
4. மு_நிரை 1 என்றால் முதல் நிரை முழுதும் 1
   மு_நிரல் 1 என்றால் முதல் நிரல் முழுதும் 1
```

எண்கள் 0-வில் தொடங்குகின்றன. இதை மனப்பாடம் செய்துகொள், எந்தக் கம்பெனியிலும் கேட்பார்கள்.

---

புதுமுகம்_07

படி 1 எதுக்கு? அணி[0][0]-லேயே வச்சுக்கலாமே? அப்புறம் 4-ஐ ஏன் கடைசியில செய்யணும்? முதல் நிரையை முதல்லயே முடிச்சுட்டா வேலை சுலபம் இல்லையா?

---

மலர்க்கணிதம்

மனப்பாடம் செய்யாமல் இந்த இரண்டு கேள்வியைக் கேட்டதே நல்லது. சின்ன இன்புட்டில் இரண்டையும் உடைத்துப் பார்க்கலாம்.

அணி[0][0] என்பது முதல் நிரைக்கும் மூலை, முதல் நிரலுக்கும் மூலை. ஒரு கட்டத்தில் இரண்டு கேள்விக்கான விடையை வைக்க முடியாது. இதைப் பாருங்கள்:

```
0 1 0
0 0 0
0 0 0
```

முதல் நிரையில் 1 இருக்கிறது, முதல் நிரலில் இல்லை. "முதல் நிரையில் உண்டு" என்று அணி[0][0]-இல் 1 வைத்தீர்கள் என்றால், பிறகு முதல் நிரலைப் பார்க்கும்போது அதே 1 "முதல் நிரலிலும் உண்டு" என்று சொல்லும். இடதுபக்க நிரல் முழுக்க 1 ஆகிவிடும். வரவேண்டியது 1 1 1 / 0 1 0 / 0 1 0. வருவது 1 1 1 / 1 1 0 / 1 1 0.

(கறாராகப் பார்த்தால் தனி வேரியபிள் ஒன்று போதும், மற்றொன்றை மூலையிலேயே வைக்கலாம். ஆனால் இரண்டு வைத்தால் படிப்பவர் திணற மாட்டார். ஒரு பிட்டை மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறோம்?)

படி 4-ஐ முன்னால் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இது:

```
1 0 0
0 0 0
0 0 0
```

முதல் நிரையை முதலிலேயே 1 1 1 ஆக்கிவிட்டீர்கள். ஆனால் அந்த நிரைதானே நிரல்களுக்குக் கொடி? இப்போது மூன்று நிரலுக்கும் கொடி ஏறிவிட்டது. அணி முழுக்க 1. உங்கள் முதல் கோடில் இருந்த அதே நோய் இங்கே கொஞ்சம் மறைவாக இருக்கிறது: எழுதிய 1-ஐ, கொடுக்கப்பட்ட 1 என்று நினைத்துப் படிப்பது.

படி 2-இல் கொடியாக எழுதும் 1 ஏன் கெடுதல் செய்வதில்லை என்றும் பாருங்கள். இ-வது நிரையில் எங்கோ 1 இருந்தால் அதன் முதல் கட்டமும் கடைசியில் 1 ஆகத்தான் போகிறது. கொடியே விடையாகவும் இருக்கிறது, திரும்ப அழிக்க வேண்டியதில்லை. இந்த வழியில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

---

மெமரிக்கஞ்சன்

மைக்ரோகன்ட்ரோலரில் சி எழுதுபவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. "ஓ(1) இடம்" என்று இன்டர்வியூவில் பெருமையடிப்பதை இங்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டில் இருக்கும் சிப்பில் ரேம் 2 கேபி, அதாவது 2048 பைட். 100×100 அணியைக் கட்டத்துக்கு ஒரு பைட் என்று வைத்தால் 10,000 பைட், உள்ளேயே நுழையாது. கட்டத்துக்கு ஒரு பிட் என்றால் 1250 பைட், நுழையும். அதற்கு முழுக் காப்பி எடுத்தால் 2500, மறுபடியும் நுழையாது. ஆக, இங்கே காப்பி எடுக்கும் வழி உண்மையிலேயே செத்தது. ஆனால் கொடிகள்? 100 + 100 = 200 பிட். 25 பைட். அதை மிச்சம் பிடிக்க யாராவது முதல் நிரை, முதல் நிரல் என்று வித்தை காட்டினால் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கஞ்சன் என்று பெயர் வைத்திருக்கும் நானே சொல்கிறேன்.

---

இன்டர்வியூ_பட்டவன்

இன்டர்வியூ எடுப்பவரிடம் 25 பைட் கதை சொன்னால் வேலை கிடைக்காது சார். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

---

மெமரிக்கஞ்சன்

கேட்டதற்குப் பதில் சொல்லட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே "இதைச் செய்ய முடியும், ஆனால் வேலையில் செய்ய மாட்டேன், ஏனென்றால் இது" என்றும் சொல்லத் தெரிந்த பையனைத்தான் நான் எடுப்பேன். இன்னொன்றும் இருக்கிறது. கூடுதல் இடமில்லாத வழி என்றால் கொடுத்த அணியையே சிதைக்க வேண்டும். ஃபங்ஷனைக் கூப்பிட்டவருக்குப் பழைய அணி பிறகு வேண்டியிருந்தால்? அவர் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டுதான் உன்னைக் கூப்பிட வேண்டும். இடம் எங்கே மிச்சமானது?

---

கோட்காரன்

இரண்டு பேரும் சரி. தம்பிக்கு இப்போது கொடி வழி போதும். முதல் நிரை வித்தையை இன்டர்வியூவுக்கு முந்தின வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

---

வரிசையில்_கடைசி

நானும் இதே கணக்கு செய்றேன். கொடி வழியிலதான் எழுதினேன். எந்த இன்புட் குடுத்தாலும் எல்லாம் 1-ஆ வருது. முழுக்க 0 உள்ள அணி குடுத்தாலும் 1! எங்க தப்பு?

---

சுட்டெண்_0

இன்புட் எப்படி வருகிறது? `0100` என்று இடைவெளி இல்லாமல் ஒட்டி வந்து, அதை எழுத்து எழுத்தாக எடுத்தீர்களா? கண்டிஷனில் `== 1` என்று ஒப்பிடாமல் கட்டத்தை மட்டும் போட்டீர்களா?

அப்படியென்றால் கட்டத்தில் இருப்பது எண் 0 அல்ல, '0' என்ற எழுத்து. பைத்தானில் காலி ஸ்ட்ரிங் மட்டும்தான் பொய், '0' உள்ள ஸ்ட்ரிங் மெய். சி-யிலும் தப்பிக்க முடியாது, '0' என்ற எழுத்தின் மதிப்பு 48, அதுவும் மெய். படிக்கும்போதே எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள்.

---

வரிசையில்_கடைசி

ஆமா அதேதான். சரியாயிடுச்சு. நன்றி.

---

கோட்காரன்

இன்புட் `0100` என்று ஒட்டி வருகிறதென்றால் இன்னொரு வழி. நிரையை லிஸ்டாக வைக்காதே, ஒரே எண்ணாக வை. 0100 என்பது பைனரியில் 4. புதுமுகத்தின் இன்புட் மூன்றே எண்: 0, 4, 0.

மூன்றையும் பிட்வைஸ் ஆர் செய் (ஒரே இடத்துப் பிட்டுகளில் ஒன்றாவது 1 என்றால் அங்கே 1): 4. எந்தெந்த நிரலில் 1 இருக்கிறது என்பது முழுக்க அந்த ஒரு எண்ணில் வந்துவிட்டது. நிரல்கொடி லிஸ்ட் தேவையில்லை.

நிரை 0 இல்லையென்றால் விடை 15 (1111). 0 என்றால் விடை அந்த 4.

விடை: 4, 15, 4. அதாவது 0100, 1111, 0100.

---

புதுமுகம்_07

அண்ணா இது என்ன மாயம்! உள் லூப்பே இல்ல!

---

கோட்காரன்

லூப் இருக்கிறது, மெஷினுக்குள்ளே இருக்கிறது. பைத்தானில் எண்ணுக்கு அளவு வரம்பு கிடையாது, 1000 பிட் எண்ணும் தாங்கும். சி++ல் இதற்குப் பிட்செட் என்ற பிட் வரிசை இருக்கிறது. அதன் அளவைக் கம்பைல் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

பிரிண்ட் செய்யும்போது ஜாக்கிரதை. 4-ஐ பைனரியில் எழுதினால் 100 என்று வரும், முன்னால் உள்ள 0 போய்விடும். இடதுபக்கம் 0 நிரப்பிக்கொள்.

---

மலர்க்கணிதம்

கோட்காரன் மூன்று வரியில் சொல்லிவிட்டுப் போனதில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது, அதைக் கொஞ்சம் வெளியே எடுக்கிறேன். விடை அணியில் இரண்டே விதமான நிரைகள்தான் வர முடியும். ஒன்று, முழுக்க 1. இல்லையென்றால் அந்த "ஆர்" எண். 1000 நிரை இருந்தாலும் இரண்டே விதம். மூன்றாவது விதம் ஒன்று தென்பட்டால் அது இந்தக் கணக்கின் விடையே அல்ல.

இனி ஒரு கேள்வி. விடை அணியை மட்டும் கொடுத்து, எந்த அணியிலிருந்து இது வந்திருக்கும் என்று கேட்டால்?

---

கோட்காரன்

கோட்ஃபோர்சஸ் என்ற கோடிங் போட்டித் தளத்தில் 486 பி. "ஆர் இன் மேட்ரிக்ஸ்". அதேதான். அளவு 100×100 வரைதான், சின்னது. முடியாதென்றால் முடியாது என்று சொல்ல வேண்டும்.

```
1 0
0 0
```

இதற்கு விடை: முடியாது.

---

புதுமுகம்_07

ஏன்னு யோசிச்சேன். மூலையில 1 வரணும்னா முதல் நிரையிலயோ முதல் நிரல்லயோ எங்கயாவது 1 இருந்திருக்கணும். இருந்திருந்தா அந்த நிரையோ நிரலோ முழுசா 1 ஆகியிருக்கும். ஆனா இங்க முதல் நிரையிலயும் 0 இருக்கு, முதல் நிரல்லயும் 0 இருக்கு. சரியா மேடம்?

---

மலர்க்கணிதம்

மிகச் சரி. அதையே ஒரு விதியாக்குங்கள். விடை அணியில் ஒரு 0 தெரிந்தால், பழைய அணியில் அந்த நிரை முழுக்கவும் அந்த நிரல் முழுக்கவும் 0-தான் இருந்திருக்க முடியும். அப்படியென்றால் பழைய அணியில் 1 எங்கே இருக்கலாம்? எந்தக் கட்டத்தின் நிரையும் முழுக்க 1, நிரலும் முழுக்க 1 என்று விடையில் இருக்கிறதோ, அங்கே மட்டும். அந்த எல்லா இடத்திலும் தாராளமாக 1 வைத்துவிடுங்கள். பிறகு நம் பழைய கோடை அதன்மேல் ஓட்டி, கொடுத்த விடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது ஒரு பதில். வராவிட்டால் பதிலே இல்லை.

தாராளமாக வைப்பது ஏன் சரி? அப்படி வைத்த எந்த 1-உம் விடையில் ஏற்கனவே முழுக்க 1 உள்ள நிரை, நிரலைத்தான் தொடும், கூடுதலாக எதையும் கெடுக்காது. வேறு எந்தப் பழைய அணி இருந்தாலும் அதன் 1கள் எல்லாம் நாம் வைத்ததற்குள் அடங்கிவிடும். இத்தனை 1 வைத்தும் எட்டாத கட்டத்தை, அதைவிடக் குறைவாக வைத்து எட்ட முடியாது.

---

புதுமுகம்_07

போட்டுப் பார்த்தேன்,

```
0 1 0
1 1 1
```

இதுக்கு 0 0 0 / 0 1 0 வருது. திரும்ப ஓட்டினா சரியா இருக்கு. ஆனா 2×3 முழுக்க 1 குடுத்தா என் கோட் முழுக்க 1 உள்ள அணியையே தருது. வேற அணியும் வரலாமே?

---

கோட்காரன்

வரலாம். அந்தக் கணக்கில் எதைக் கொடுத்தாலும் ஏற்பார்கள். இப்போது நான் கேட்கிறேன்: பழைய அணியில் குறைந்தபட்சம் எத்தனை 1 இருந்தால் அந்த விடை வரும்?

---

மெமரிக்கஞ்சன்

குறைந்தபட்சம் என்று கேட்டதும் வந்துவிட்டேன். விடையில் முழுக்க 1 உள்ள நிரைகளை எண்ணு, முழுக்க 1 உள்ள நிரல்களை எண்ணு. இரண்டில் எது பெரியதோ அது. ஒவ்வொரு 1-உம் ஒரு நிரையையும் ஒரு நிரலையும் ஒரே அடியில் கவனித்துக்கொள்ளும். ஜோடி ஜோடியாகச் சேர்த்துக்கொண்டே போனால், ஒரு பக்கம் தீர்ந்த பிறகு மறுபக்கம் மிச்சமிருப்பதற்குத்தான் தனித்தனியாக வைக்க வேண்டும்.

---

அரைத்தூக்கம்

2×3 முழுக்க 1. நிரை 2, நிரல் 3. பெரியது 3. ஆனா நான் ரெண்டுலயே முடிச்சுட்டேனே?

```
1 0 0
1 0 0
```

ரெண்டு நிரைக்கும் கொடி ஏறிடுச்சு. நிரல் கொடி எதுக்கு?

---

கோட்காரன்

நல்லாத் தூங்கி எழுந்திருக்கிறாய். முழுக்க 1 என்ற அணி மட்டும் விதிவிலக்கு, அங்கே சிறியதை எடுக்க வேண்டும். விடையில் ஒரே ஒரு 0 இருந்தாலும் கஞ்சன் சொன்னதுதான்: அந்த 0 இருக்கும் நிரல் காலி, அதனால் வேறு எந்த நிரையும் தனக்கென்று ஒரு 1 இல்லாமல் முழுசாக முடியாது. நிரலுக்கும் அதே. முழுக்க 1 என்றால் அந்தக் கட்டாயம் கிடையாது, நிரைகளை மட்டும் மூடு, அல்லது நிரல்களை மட்டும் மூடு.

---

மெமரிக்கஞ்சன்

சரி, ஒரு `இஃப்` சேர்த்துக்கொள்கிறேன்.